ஒரு மார்புப் படமும் மூச்சு விடாத அக்காவும்

டுலூத்,
செப்டம்பர் 8

என் எண்ணைத் தன் கைபேசியில் தடைசெய்து வைத்திருக்கும் மாண்புமிகு அக்கா ஐலா ஹெய்க்கினென் அவர்களின் சமூகத்துக்கு,

இதனால் கப்பலில் உள்ளோர், கரையில் உள்ளோர், இரண்டுக்கும் நடுவே தத்தளிப்போர் அனைவருக்கும் அறிவிப்பது என்னவென்றால், இன்று காலை உன் தம்பி ஆஸ்கருக்கு இரண்டு எழுத்துகள் வழங்கப்பட்டன. ஒன்று எல். இன்னொன்று ஆர். இரண்டும் ஈயம். விரல்நுனி அளவுதான் இருக்கும். விழாவுக்கு என் வகுப்பு மாணவர்களும் ஒரு காபிக் குடுவையும் வந்திருந்தார்கள். கண்ணீர் மல்கியவர் எவருமில்லை.

சிரிக்காதே. எக்ஸ்ரே எடுக்கும்போது இந்த எழுத்தைப் படத்தின் ஓரத்தில் வைத்தால்தான் எது இடது, எது வலது என்று டாக்டருக்குத் தெரியும். கூடவே எடுத்தவரின் முதலெழுத்துகளும் விழும். எனக்கு ஓ.ஹெச். நான் எடுக்கும் படத்தைப் பார்க்கிற டாக்டர் எல்லாரும் முதலில் 'ஓஹ்!' என்று வியந்துவிட்டுத்தான் எலும்பையே பார்க்க வேண்டும். இத்தனை வருடம் ஊருக்குப் படம் காட்டிக்கொண்டிருந்தவன் இனி ஊரையே படம் எடுக்கப்போகிறேன்.

எங்களுக்குப் பாடமும் நடத்தி, ஆஸ்பத்திரியிலும் எங்களை மேய்க்கிறவர் பெயர் டார்லா. அவர் முகத்தை எக்ஸ்ரே எடுத்தாலும் அதில் ஒரு சிரிப்பு அகப்படாது. பயிற்சி அறையில் ஒரு பொம்மை இருக்கிறது. மேலே பிளாஸ்டிக், உள்ளே நிஜ எலும்பு. அதன் தலையில் என் ஆரஞ்சு வேட்டைத் தொப்பியைக் கவிழ்த்து வைத்தேன். டார்லா உள்ளே வந்தார், பார்த்தார். "யாருது?" என்றார். "அவரோடதுதான், மேடம். குளிருதாம்" என்றேன். வகுப்பே சிரித்தது. நான்தான் வகுப்பிலேயே முதல் ஆள் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை.

அந்தப் போன் விஷயம் வெறும் விளையாட்டு, அக்கா. இன்னுமா கோபம்?

ஆஸ்கர்

பி.கு.: இது டெட்ராய்ட் ஆற்றுத் தபால் படகு வழியாக உன் கப்பலுக்கு வருகிறது. நீங்கள் கயிறு கட்டி இறக்கும் வாளியில் இருந்து எடுக்கும்போது நனையாமல் எடு. உள்ளே ஒரு மேதையின் கையெழுத்து இருக்கிறது.


கப்பல் சமையலறை, டொலீடோவுக்கு வெளியே,
செப்டம்பர் 21

ஆஸ்கர்,

உன் கடிதம் நனையவில்லை. நனைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்னுமா கோபம் என்று கேட்கிறாய். நடந்ததை என் பக்கத்திலிருந்து ஒரு தடவை சொல்கிறேன், பிறகு இதைப் பேசவே மாட்டேன். ஜூன் மாதம். இரவுச் சாப்பாட்டுக்கு மாவு பிசைந்துகொண்டிருக்கிறேன். போன் அடிக்கிறது. கல்லூரியிலிருந்து ஒரு பெண் குரல், மூக்கால் பேசுகிறது. "மிஸ் ஹெய்க்கினென், எக்ஸ்ரே படிப்பில் ஒரு இடம் காலியாகியிருக்கிறது, உங்களுக்கு விருப்பமா?" இரண்டு வருடம் விண்ணப்பித்து இரண்டு வருடமும் காத்திருப்போர் வரிசையில் நின்றவள் நான். அந்தக் குரல் முடிக்கும் முன்பே கத்திவிட்டேன். தலைமைச் சமையல்காரர் லோவெல் என்னைத் தூக்கிச் சுற்றினார். எஞ்சின் அறையிலிருந்து ஆட்கள் மேலே ஏறி வந்தார்கள். அப்புறம் அந்தப் பெண் உன் குரலில் சிரித்தாள்.

மறுவாரம் நிஜமான அழைப்பு வந்தது. உனக்கு. விண்ணப்பம் போடச் சொல்லி உன்னை நச்சரித்ததே நான்தான், சேர்ந்து படிக்கலாம் என்று.

நீ என் இடத்தைத் திருடவில்லை. உடற்கூறியலில் உன் மதிப்பெண் அதிகம். அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த இடம் கிடைக்காதா என்று அந்த வரிசையில் இன்னும் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். நீ அதில் உட்கார்ந்துகொண்டு பொம்மைக்குத் தொப்பி போடுகிறாய்.

அடுப்பு மணி அடிக்கிறது. போன் பண்ணாதே. பண்ணினாலும் வராது.

ஐலா


டுலூத்,
அக்டோபர் 5

அக்கா,

கடிதம் கிடைத்தது. படித்தேன். ஆகவே நல்ல செய்திக்குத் தாவுகிறேன்.

ஆஸ்பத்திரியில் போன வாரத்திலிருந்து நிஜ ஆட்கள். எல்லாருக்கும் என்னைப் பிடித்துப்போய்விட்டது. மார்புப் படம் எப்படி எடுப்பது என்று உனக்குத் தெரியும். ஆளைப் பலகையில் நெஞ்சு ஒட்ட நிற்கவைத்து, "மூச்சை இழுங்க, பிடிச்சுக்கோங்க" என்று சொல்லி, நாம் கண்ணாடிக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்த வேண்டும். மற்ற மாணவர்கள் இதை ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி சொல்கிறார்கள். எனக்கு அது ஒத்துவருமா? செவ்வாய்க்கிழமை ஒரு கிழவர் வந்தார், ஏரியில் வலை போடுகிறவர், இருமல். பயந்து விறைத்து நின்றார். நான் சொன்னேன், "நல்லா இழுங்க ஐயா. மாமியார் உள்ள வர்றப்போ வயித்த எக்குவீங்களே, அந்த மாதிரி."

கிழவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அடப் பாவி, அவ செத்து இருவது வருஷமாச்சுடா!" என்றார். வெளியே வரிசையில் இருந்தவர்களுக்குக்கூடக் கேட்டது.

படம் கொஞ்சம் ஆடிப்போனது. அதை இன்னொரு தடவை எடுத்தார்கள். அதற்கு ரிப்பீட் என்று பெயர். டார்லாவுக்கு ரிப்பீட் என்றால் ஒவ்வாமை. மாணவர்கள் அதைத் தனியாகச் செய்யக்கூடாது, அவர் பக்கத்தில் நின்றுதான் எடுக்கவிடுவார். நின்றார். மூச்சுவிட்டு அவர் பேசிய ஒரே வார்த்தை: "ஹெய்க்கினென்."

அந்தக் கிழவர் போகும்போது எனக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார். டார்லாவுக்குக் கொடுக்கவில்லை. இதிலிருந்து என்ன தெரிகிறது?

ஆஸ்கர்


ஹூரான் ஏரி,
அக்டோபர் 19

டேய்,

என்ன தெரிகிறது என்று நான் சொல்கிறேன். ஒரு நோயாளிக்கு ஒரு தடவை போக வேண்டிய கதிர் இரண்டு தடவை போனது. நீ வேடிக்கை காட்ட ஆசைப்பட்டதால்.

மார்புப் படத்துக்குக் கதிர் கொஞ்சம்தான், யாரும் சாகப்போவதில்லை என்று எழுதுவாய். எழுதாதே. அந்தப் பாடப்புத்தகம் என்னிடமும் இருக்கிறது, என் படுக்கைக்கு அடியில், நீ வாங்குவதற்கு முன்பே வாங்கியது. தேவையில்லாத கதிர் துளிகூடப் போகக்கூடாது என்று முதல் அத்தியாயத்திலேயே போட்டிருக்கிறது. நீ முதல் அத்தியாயத்தைப் படித்தாயா, இல்லை அட்டையில் இருக்கும் எலும்புக்கூட்டுக்கு மீசை வரைந்தாயா?

இன்னொன்று. 'கொஞ்சம் ஆடிப்போனது', 'இன்னொரு தடவை' என்று நீ எழுதினால் அதற்கு வேறு அர்த்தம். உன்னை எனக்குத் தெரியாதா? எத்தனை ரிப்பீட்? மார்புப் படத்துக்கான தேர்ச்சிக் கையெழுத்தை டார்லா போட்டுவிட்டாரா? உன் வகுப்பில் மற்றவர்களுக்குப் போட்டாயிற்றா?

நேரடியாகப் பதில் சொல். மாமியார், கிழவர், தொப்பி எதுவும் வேண்டாம்.

லோவெல் உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "பையன் வேடிக்கையானவன்" என்றார். சூப்பில் உப்பு அதிகமாகப் போட்டுவிட்டேன். கோபத்தில்தான்.

ஐலா


டுலூத்,
நவம்பர் 3

ஐலா,

சரி. நேரடியாக.

மார்புப் படக் கையெழுத்துக்கு நான் மூன்று தடவை முயன்றேன். மூன்றும் போயிற்று. முதல் தடவை அந்த வலைக்காரக் கிழவர். இரண்டாவது, ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. மூன்றாவது தடவை நான் ஒன்றுமே சொல்லவில்லை, சத்தியமாக. நான் முகத்தை மட்டும் கொஞ்சம் உப்பிக் காட்டினேன், மூச்சை எப்படிப் பிடிப்பது என்று செய்து காட்ட. அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அதற்கு நான் என்ன செய்ய? என் முகம் அப்படி.

வகுப்பில் எல்லாருக்கும் கையெழுத்து ஆகிவிட்டது. வாய் திறக்கவே பயப்படும் பையனுக்குக்கூட.

டார்லா என்னைக் கூப்பிட்டுப் பேசினார். டிசம்பர் பன்னிரண்டு பருவத்தின் கடைசி நாள். அதற்குள் மார்புப் படம் ஒன்று, ஒரே தடவையில், சுத்தமாக, எல்லாப் படியும் விடாமல் எடுத்தாக வேண்டும். எனக்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் தருவாராம். இல்லையென்றால் என் இடம் போய்விடும். "நீ கெட்டிக்காரன்ப்பா. ஆனா உன் எதிர்ல நிக்கிறவங்க உன்னைப் பாக்க வரல" என்றார். எழுதிக் கொடுத்த எச்சரிக்கையில் நான் கையெழுத்துப் போட்டேன். அவர் எனக்குக் கையெழுத்துப் போடவில்லை, நான் அவருக்குப் போட்டேன். இதைக்கூட வேடிக்கையாகச் சொல்லலாம், சொல்லத் தோன்றவில்லை.

எனக்கு ஒன்று புரியவில்லை. பயந்து நிற்கிறவர்களைச் சிரிக்கவைத்தால் அது குற்றமா? நான் ஒன்றும் இந்தப் படிப்புக்கு ஆசைப்பட்டு வரவில்லை. நீ சொன்னாய் என்று விண்ணப்பம் போட்டேன். வேண்டுமானால் இடத்தை நீயே எடுத்துக்கொள் என்று எழுத நினைத்தேன். அப்படி எடுத்துக்கொள்ள முடியாது என்று தெரியும். அதனால்தான் எரிச்சலாக வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் கப்பல் வந்ததைப் பார்த்தேன். துறைமுக வாயிலில் தூக்குப் பாலம் மேலே போனது. கப்பல் நீளமாய் ஒன்று, குட்டையாய் இரண்டு ஊதியது. கரையில் நின்று இரண்டு கையையும் ஆட்டினேன். சமையலறைச் சன்னலில் யாரோ திரையை இழுத்துவிட்டார்கள்.

ஆஸ்கர்


கப்பல், சுப்பீரியர் ஏரி,
நவம்பர் 16

ஆஸ்கர்,

திரையை இழுத்தது நான்தான்.

இடத்தை நீயே எடுத்துக்கொள் என்று எழுதாததற்கு நன்றி. எழுதாவிட்டாலும் எழுதினாய். அதைப் படித்துவிட்டு ஒரு பாத்திரத்தை உடைத்தேன். பீங்கான் இல்லை, கவலைப்படாதே, அலுமினியம். அலுமினியத்தை உடைக்க எவ்வளவு கோபம் வேண்டும் என்று யோசித்துக்கொள்.

நான் உனக்குப் பாடம் எடுக்கப்போவதில்லை. நான் யார் எடுக்க? மாவு பிசைகிறவள். ஆனால் ஒன்று சொல்கிறேன், இதை யாரிடமும் சொல்லாதே. கப்பலின் குளிர்சாதன அறையில் நன்றித் திருநாளுக்காக வான்கோழிகளைத் தொங்கவிட்டிருக்கிறோம். நான் அங்கே போகும்போதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு அவற்றிடம் சொல்லிப்பார்ப்பேன். "தாடையைத் தூக்கிக்கோங்க. தோளை முன்னால தள்ளுங்க. மூச்சை நல்லா இழுங்க. பிடிச்சுக்கோங்க. ம்... இப்ப விடுங்க." ஒரு நாள் லோவெல் பார்த்துவிட்டார். "அதுங்க ஏற்கெனவே விட்டாச்சு, கண்ணு" என்றார்.

அந்த வார்த்தைகளில் வேடிக்கை வேண்டாம், ஆஸ்கர். அவை அப்படியே நன்றாக இருக்கின்றன. பயந்து நிற்கிறவருக்கு வேண்டியது அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதுதான். வாயை மூடிக்கொண்டு அதை மட்டும் சொல்.

காற்று அடிக்கிறது. தளமெல்லாம் பனி உறைந்து கிடக்கிறது. இந்த மாதக் கடைசியில் தாதுவேற்ற டுலூத் வருகிறோம். வந்து பார்ப்பேன் என்று சொல்லவில்லை.

ஐலா


எம்பராஸ், அம்மா வீடு,
டிசம்பர் 1

டேய் ஆஸ்கர்,

முதலில்: விலா எலும்பில் ஒரே ஒரு விரிசல். டாக்டர் ஓய்வு என்கிறார். கப்பல் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. அம்மா என்னை இருமக்கூட விடமாட்டேன் என்கிறார். டுலூத்தில் தாதுவேற்றும்போது நான் தளத்துப் பனியில் வழுக்கிய கதையை ஊருக்கே சொல்லிவிட்டார். இப்போது வருகிறவர்கள் எல்லாரும் காபி குடித்துவிட்டு என் காலணியைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

இரண்டாவது: மூச்சை விடச் சொல்லுடா!

அன்று உன் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் நடந்ததை நீ எப்படி நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று தெரியவில்லை. இதோ என் பக்கம். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். மூச்சு இழுத்தால் கத்தி குத்துகிற மாதிரி இருக்கிறது. கதவு திறக்கிறது, நீ நிற்கிறாய், முகம் வெளுத்துப்போய். பின்னால் டார்லா. "இவன் உங்க தம்பின்னு சொன்னான். இவன் எடுக்கலாமா? இல்ல நானே எடுக்கவா? உங்க இஷ்டம்" என்று கேட்டார். "எடுக்கட்டும்" என்றேன். ஏன் சொன்னேன் என்று கேட்காதே. டிசம்பர் பன்னிரண்டு எனக்கும் ஞாபகம் இருந்தது.

அப்புறம் நீ கேட்கிறாய்:

"உங்க பேர் சொல்லுங்க."

"டேய்."

"பேர் சொல்லுங்க, ப்ளீஸ்."

"ஐலா ஹெய்க்கினென். உன் கூடப் பிறந்தவ."

"பிறந்த தேதி?"

"போன வருஷம் மறந்துட்டு மறுநாள் கேக் வாங்கிட்டு வந்தியே, அதுக்கு முந்தின நாள்."

"கர்ப்பமா இருக்க வாய்ப்பு இருக்கா?"

"ஆஸ்கர்!"

"கேட்டே ஆகணும்." உன் காது சிவந்துபோய்விட்டது. டார்லா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பலகையில் நெஞ்சை ஒட்டிக்கொண்டு நின்றேன். குளிர்ந்து கிடந்தது. நீ என் தோளை முன்னால் தள்ளினாய். அவ்வளவு மெதுவாக நீ எதையும் தொட்டு நான் பார்த்ததில்லை. "மூச்சை நல்லா இழுங்க. வலிக்கும். ஆனாலும் இழுங்க. பிடிச்சுக்கோங்க." ஒரு வேடிக்கை இல்லை. ஒரு குரங்குத்தனம் இல்லை. என்னை நீங்க என்று கூப்பிடுகிற ஆஸ்கர். எனக்குப் பயமே அப்போதுதான் வந்தது, நிஜமாகவே பெரிய அடியோ என்று.

இயந்திரம் பீப் என்றது. நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

விடச் சொன்னால்தான் விடுவது, அதுதான் முறை. வான்கோழிகளிடம் சொல்லிச் சொல்லி அது எனக்குள் ஏறிவிட்டது. கண்ணில் பூச்சி பறக்கிறது. விலா கத்துகிறது. நீ கண்ணாடிக்குப் பின்னால் எங்கே போனாயோ. கடைசியில் டார்லாவின் குரல்தான் வந்தது, "மூச்சு விடும்மா, விடு விடு" என்று.

அப்புறம் என்னை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். உன்னைப் பார்க்கவே இல்லை. அதுதான் உன் கடைசி வாய்ப்பா? கையெழுத்து ஆயிற்றா? அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார். நானும்.

ஐலா


டுலூத்,
டிசம்பர் 4

மூச்சுப் பயிற்சியில் உலக சாதனை படைத்த அக்காவுக்கு,

ஆயிற்று! கையெழுத்து ஆயிற்று!

நான் எடுத்த உன் படத்தை டார்லா திரையில் மூக்கு ஒட்ட நின்று பார்த்தார். ஒரே தடவை, ரிப்பீட் கிடையாது. ஓரத்தில் என் எழுத்து நேராக உட்கார்ந்திருக்கிறது, நுரையீரல் முழுசாக விரிந்திருக்கிறது, தோள்பட்டை வழியில் இல்லை. விரிசல் பளிச்சென்று தெரிகிறது. அடிபட்ட ஆளை இவ்வளவு சுத்தமாக இந்த வருடம் எந்த மாணவனும் எடுத்ததில்லை என்று பேச்சு. நான் ஏரி மாதிரி அமைதியாக இருந்தேன். உறைந்த ஏரி. அதன் மேல் கார் ஓட்டலாம்.

மூச்சு விடச் சொல்லாதது மறதி இல்லை. படம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்து உறுதி செய்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். நிபுணர்கள் அப்படித்தான். டார்லா அவசரக்காரர்.

ஆக, இடம் பத்திரம். அம்மாவிடம் சொல். திருச்சபையிலும் சொல்லச் சொல். உன் விலா எலும்பு ஒரு வரலாற்று ஆவணம்.

ஆஸ்கர்


எம்பராஸ்,
டிசம்பர் 8

ஆஸ்கர்,

அம்மா அழுதார். அப்புறம் போனை எடுத்தார். இப்போது விர்ஜீனியா நகரத்து அத்தை, டவர் ஊரில் இருக்கும் மாமா, பனி தள்ள வருகிற பையன் எல்லாருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்குப் பிறகு பாதிரியார் எழுந்து உன் பெயரைச் சொன்னார். நீ இல்லாத இடத்தில் உனக்குக் கை தட்டினார்கள். கேட்டால் உனக்குத் தலைகனம் ஏறும் என்று தெரியும். ஏறட்டும், ஒரு நாளைக்கு.

நிபுணர்கள் அப்படித்தான் என்கிற வரியை மட்டும் நான் நம்பவில்லை. ஆனால் விட்டுவிடுகிறேன்.

உன்னிடம் சொல்லக்கூடாது என்று வைத்திருந்ததைச் சொல்கிறேன். நான் மூன்றாவது தடவையும் விண்ணப்பம் போட்டுவிட்டேன். நேற்று. போடவே மாட்டேன் என்று இருந்தவள்தான். உன்னாலேயே முடிகிறதென்றால் என்று நினைத்தேன். கோபித்துக்கொள்ளாதே, அதுதான் உண்மை. அந்த அறையில் ஒருவர் வேலையை அப்படிச் செய்யலாம் என்று பார்த்தேன். அதுவும் நீ. பழைய ஆஸ்கர் என்றால் என்னைச் சிரிக்கவைத்து இன்னொரு விலாவையும் உடைத்திருப்பான்.

உன் எண்ணைத் தடையிலிருந்து எடுத்துவிட்டேன். சும்மா சும்மா கூப்பிடாதே.

ஐலா


டுலூத்,
டிசம்பர் 13

அக்கா,

நீ தடையை எடுத்த பிறகு மூன்று தடவை கூப்பிடப் போனேன். மூன்று தடவையும் முதல் மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டேன். குரலில் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

கையெழுத்து ஆகவில்லை.

படம் நான் எடுத்ததுதான், ஒரே தடவையில் எடுத்ததும் உண்மைதான், நன்றாக வந்ததும் உண்மைதான். அமைதியாக இருந்தேன் என்றதுதான் பொய். பொத்தானை அழுத்தினேன். திரையில் படம் வந்தது. நான் பார்க்க வேண்டியது படம் அசைந்திருக்கிறதா, ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறதா என்பதை. நான் பார்த்தது அந்த விரிசலை. பொம்மையின் எலும்பை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், வலைக்காரக் கிழவருடைய எலும்பைப் பார்த்திருக்கிறேன். இது நீ. கண்ணாடிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இவன் எங்கே போனான் என்று நீ நினைத்தாயே, அங்கேதான். கீழே. டார்லா என்னைத் தாண்டி எட்டி நின்றுதான் உன்னை மூச்சு விடச் சொன்னார்.

நோயாளியை மூச்சைப் பிடிக்கச் சொல்லிவிட்டு விடச் சொல்லாமல் போவது அவர்கள் கணக்கில் தோல்வி. படம் எவ்வளவு அழகாக இருந்தாலும். "படம் சுத்தமா இருக்கு. ஆனா அந்தப் பொண்ணு இன்னும் மூச்சைப் பிடிச்சுட்டு நின்னிருக்கும்டா" என்றார். திட்டவில்லை. எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். திட்டியிருக்கலாம்.

இரண்டு வாரமாக இதை வைத்துக்கொண்டு சுற்றினேன். அந்த டிசம்பர் நான்காம் தேதிக் கடிதத்தை எழுதும்போது ஏன் அப்படி எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை. 'ஆயிற்றா' என்று நீ கேட்டிருந்தாய். ஆயிற்று என்று எழுதிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. மற்றதெல்லாம் தானாக வந்தது.

நேற்று, கடைசி நாள், துறைத் தலைவர் கூப்பிட்டார். பெட்டி கட்டிக்கொண்டுதான் போனேன். டார்லாவும் இருந்தார். ஒரு மணி நேரம் என்னை வெளியில் உட்காரவைத்துவிட்டு இருவரும் பேசினார்கள். முடிவு: வெளியே போகவில்லை, உள்ளேயும் இல்லை. பருவம் 'முடிவுறாதது' என்று நிற்கும். விடுமுறை முழுக்க நான் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். கிறிஸ்துமஸ் அன்றும். மார்புப் படம் மட்டும். டார்லா எழுதிக் கொடுக்கும் வார்த்தைகளைத் தவிர வேறு எதுவும் பேசக்கூடாது. ஜனவரி முதல் வாரத்துக்குள் கையெழுத்து ஆனால் தொடரலாம். ஆகாவிட்டால் அவ்வளவுதான். இடம் வரிசையில் அடுத்தவருக்குப் போகும்.

டார்லா எனக்காகப் பேசியது எப்படி என்று பிறகுதான் தெரிந்தது. "முதல் மூணு தடவையும் இவன் தன்னைப் பாத்துட்டிருந்தான். இந்தத் தடவை எதிர்ல நின்னவங்களைப் பாத்தான். ரொம்பப் பாத்துட்டான். அதைச் சரிபண்ணலாம்" என்றாராம்.

இன்னொன்றும் சொன்னார், அதை நான் உனக்கு எழுதாமல் மறைத்தேன், ஏனென்றால் என் கதையில் அதற்கு இடமில்லை. அன்று நீ போனதும் கேட்டார், "அந்தப் பொண்ணு விடச் சொல்ற வரைக்கும் மூச்சை விடாம நின்னுச்சே, முன்னாடி எங்கயாச்சும் படிச்சுதா?" நான் "இல்லை, கப்பலில் சமைக்கிறாள்" என்றேன். வான்கோழி விஷயத்தைச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிவிடாதே, அக்கா. என்னால் முடிகிறது என்று பார்த்துப் போட்டாய். என்னால் முடியவில்லை. நீ போட்டது போட்டதாகவே இருக்கட்டும்.

கிறிஸ்துமஸுக்கு வரமாட்டேன். அம்மாவிடம் நீயே சொல். பாதிரியாரிடமும். அத்தை, மாமா, பனி தள்ளுகிற பையன் எல்லாரிடமும். நான் போன் பண்ணி இன்னும் தேறவில்லை என்று சொன்னால், யாரும் நம்பமாட்டார்கள். அடக்கம் காட்டி விளையாடுகிறான் என்று சொல்லி இன்னொரு தடவை கை தட்டுவார்கள்.

ஆஸ்கர்